ஐஸ்காரன், பதினொரு முறை

டாண்டினோங் காவல் நிலையம், மூன்றாம் மாடி.
காதுக்கருவியின் பஞ்சில் எனக்கு முன் வந்தவரின் சென்ட்.
நாற்பத்து மூன்று நிமிடத் தமிழ்.
எதையும் கூட்டமாட்டேன் எதையும் குறைக்கமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டுவிட்டு
ஒலியை ஓடவிட்டேன்.

ஏழாவது நொடியிலேயே வந்துவிட்டது:
"ஐஸ்காரன் கதைக்கிறன்."

பேனாவை வைத்தேன்.
இந்த ஊரில் ஐஸ் என்றால்
கண்ணாடிக் குழாயில் புகைவது,
பல்லைத் தின்பது,
நள்ளிரவு ரயில் மேடையில்
ஒருத்தி தன் நிழலோடு போடும் சண்டை.
அதை விற்பவனைப் பிடிக்கத்தான்
இந்த மாடி, இந்த மேசை,
மணிக்கு இத்தனை டாலர் என்று நான்.

சேலத்தில் படித்தவளுக்கு
ஐஸ்காரன் என்றால் ரப்பர் ஹாரன்,
நாக்கை ஆரஞ்சாக்கும் அரை ரூபாய்.
ஐஸ் வைப்பவன் வேறு ஆள்.
அவன் நாலாவது அழைப்பில் கொஞ்சம் தலைகாட்டினான்:
"அக்கா, உங்கட கடை இறாலுக்கு
மெல்பேர்ணிலை சோடி இல்லை.
போன மாசக் காசு மட்டும்..."

கோப்பில் பெயர் சூசைதாசன்.
குரல் பாஷையூர்க் கரை.
அங்கே ஐஸ்காரன், விடிய மூன்று மணிக்குக் கட்டியை உடைத்து
சாக்கால் மூடி
வள்ளம் வரும்வரை நிற்பவனாம்.
வள்ளம் பிந்தினால்
அவன் காசு மணலுக்குள் சொட்டுச் சொட்டாய் இறங்குமாம்.
யாரிடமோ சொல்லிச் சிரிக்கிறான்.

"இருபது கிலோ" என்கிறான் பிறகு.
"தூளாய் வேணுமோ கட்டியாய் வேணுமோ?"
துப்பறிவாளர் ஹேலி நாற்காலியை முன்னே இழுத்தாள்.
"நெத்தலிக்குத் தூள்தான் நல்லம்" என்றது எதிர்க்குரல்.
நெத்தலி யாருடைய பட்டப்பெயர்?
சின்ன மீன் என்றேன்.
அப்படியானால் பெரிய மீன் யார் என்றாள்.

அவள் மொழியிலும் அந்தச் சொல் உண்டாம், பழையது:
வீடுவீடாய்க் கட்டி சுமந்தவன்,
கணவன் வேலைக்குப் போனபின் பின்கதவில் நின்றானென்று
ஊர் சிரித்தவன்.
கட்டி போய்ப் பெட்டி வந்த பிறகு
சொல் வேலையில்லாமல் அலைந்து
வியர்க்காமல் கொல்பவனிடம் சேர்ந்ததாம்,
கடைசி நொடியில் கை நடுங்காத ஆட்டக்காரனிடமும்.
"உங்கள் ஆள் இதில் எது?"

நான் பொருள் தருவதில்லை, சொல் தருகிறேன் என்றேன்.
பயிற்சியில் தந்த வாக்கியம்.
வாய்க்குள் அதன் ஓரம் உருகத் தொடங்கியிருந்தது.

ஒன்பதாவது அழைப்பு என்னை நிறுத்தியது.
"இது மீனுக்கில்லையடா. சனிக்கிழமை.
ஆருக்கும் சொல்லாதை."
மூன்று முறை பின்னோக்கி ஓட்டினேன்.
பிறந்தநாளா, பியர்த் தொட்டியா,
இல்லை, இவர்கள் தேடும் அதுவேதானா?
பின்னணியில் ஒரு லாரி பின்வாங்கும் பீப் பீப், வேறொன்றுமில்லை.
அவனை எனக்குப் பிடித்துப்போயிருந்தது என்று
அப்போதுதான் தெரிந்தது.
பிடித்துப்போவதும் ஒருவகைக் கூட்டல்.
அப்படியே எழுதினேன்:
மீனுக்கில்லை. சொல்லாதே.

பதினொன்றாவது ஒரு பெண்.
"ஐஸ்காரா,
இண்டைக்கும் கை குளிருதோ?"

ஹேலி கேட்டாள்: சங்கேதமா?

சொல்லுக்குச் சொல் வைத்தேன்.
ஐஸ் அங்கே போனது, கை போனது, குளிர் போனது.
கூப்பிடும்போது கடைசி 'ன்' உருகி
'ஆ' என்று நீள்கிறதே,
அதை ஊற்ற அந்த மொழியில் பாத்திரமில்லை.
குரலின் தொனி குறிப்பது விதிக்குப் புறம்பு.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசவில்லை.
எண்ணினேன்.
மௌனம், ஏழு நொடி
என்று எழுதினேன்.
அதற்கு மட்டும் படிவத்தில் இடமிருந்தது.